வலம் சுற்றும் விசிறியும் இடம் சுற்றும் விசிறியும்

(அடி அண்ணாமலையில் கூடிய பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இந்த ஊருக்கு நான் வருவது இது முதல் தடவையல்ல. சிறு பையனாயிருந்தபோது என் தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பாதையில் 14 கிலோமீட்டரும் நடந்திருக்கிறேன். இதே அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் வந்ததும் கால் வலி தாங்காமல், வந்த வழியே திரும்பிப் போகலாம் என்று அழுதேன். "திரும்பி நடந்தால் இடஞ்சுற்று ஆகிவிடும், நடந்த புண்ணியமெல்லாம் போய்விடும்" என்று சொல்லி அம்மா முதுகில் ஒன்று வைத்தார்கள். மலை வலக்கைப் பக்கம் இருந்தால் புண்ணியம், இடக்கைப் பக்கம் இருந்தால் பாவம் என்பது அன்று எனக்குக் கிடைத்த பாடம். எந்தப் பக்கம் இருந்தாலும் மலை அதே மலைதானே என்று கேட்க அப்போது எனக்குத் தைரியமில்லை.

நிற்க. பௌர்ணமியன்று இத்தனை லட்சம் ஜனங்களும் ஒரே பக்கமாக நடப்பதில் ஒரு நன்மை இருக்கத்தான் செய்கிறது. எதிரும் புதிருமாக நடந்தால் மோதிக்கொண்டு மிதிபடுவார்கள். அது போலீஸ்காரர் கணக்கு, நியாயமான கணக்கு, அதை ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் அது புண்ணியக் கணக்கல்ல. ஒரு திசைக்குக் காரணம் இருக்கலாம், அந்தக் காரணத்தைச் சொல்லவும் காட்டவும் முடியவேண்டும் என்பதுதான் நாம் கேட்பது. இந்தச் சங்கதியை விளக்குவதற்கு நான் இன்று சாஸ்திரத்தையோ புராணத்தையோ எடுத்துக்கொள்ளவில்லை. ஆகாய விமானத்தின் முன்னால் சுழலுகிற விசிறியையும், அதைச் சுழற்றுகிற கியர் பாக்ஸையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நமது பக்கத்து அரக்கோணத்தில் "ஐ.என்.எஸ். ராஜாளி" என்று கப்பற்படையின் விமான தளம் ஒன்று 1992 மார்ச்சில் ஏற்பட்டது. அங்கே "டியு-142" என்னும் ருஷ்ய விமானங்கள் இருந்தன. 1988-இல் வாங்கப்பட்ட அந்த எட்டு விமானங்களும் முதலில் கோவாவில் இருந்து, பிறகு அரக்கோணத்திற்கு வந்து, சமுத்திரத்தின் மேல் காவல் சுற்றி, நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி, 2017 மார்ச் 29-ஆம் தேதி ஓய்வு பெற்றன. ஒவ்வொரு விமானத்திற்கும் நான்கு எஞ்சின். ஒவ்வொரு எஞ்சினுக்கும் சுமார் 15,000 குதிரைச் சக்தி. உங்கள் வயலில் ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் வைத்திருக்கிறீர்களே, அது மூவாயிரம் சேர்ந்தால் இந்த ஓர் எஞ்சின்.

அந்த எஞ்சினின் முன்னால் ஒரு விசிறி இல்லை; இரண்டு விசிறிகள். ஒன்றின் பின்னால் ஒன்றாக, ஒரே அச்சில், விசிறிக்கு நான்கு இறக்கையாக, மொத்தம் எட்டு இறக்கைகள். எஞ்சினை முடுக்கினால் ஒரு விசிறி வலமாகச் சுற்றும். மற்றது இடமாகச் சுற்றும். ஒரே அச்சில் ஒன்று பிரதட்சணம், இன்னொன்று அப்பிரதட்சணம்! இரண்டும் சேர்ந்து விமானத்தை முன்னால்தான் இழுத்துக்கொண்டு போயின. பாவம் செய்த விசிறி பின்னால் தள்ளவில்லை.

ஏன் இப்படிச் செய்தார்கள்? ஒன்றே போதாதா? இதற்குப் பதில் உங்கள் வீட்டுக் கிணற்றில் இருக்கிறது.

போர் போட்டு நீர்மூழ்கி மோட்டார் இறக்கியிருப்பவர்கள் சொல்லுங்கள். சுவிட்சைப் போட்டவுடன் மேலே பைப் என்ன செய்கிறது? ஓர் உதறு உதறித் திருகுகிறதல்லவா? உள்ளே மோட்டார் தன் சக்கரத்தை ஒரு பக்கம் திருகுகிறது. சக்கரம் மோட்டாரை மறுபக்கம் திருகுகிறது. அந்தத் திருகல்தான் பைப்பில் தெரிகிறது. ஆசாரி தோழர் இங்கே இருக்கிறார், அவரைக் கேளுங்கள்: டிரில் மிஷினின் அலகு மரத்தில் மாட்டிக்கொண்டால், மிஷின் அவர் மணிக்கட்டை எந்தப் பக்கம் முறுக்குகிறது? அலகு சுற்றிய பக்கமல்ல, எதிர்ப்பக்கம். எதை நீ தள்ளினாலும் அது அதே அளவு உன்னைத் தள்ளும். இதை 1687-இல் நியூட்டன் என்பவர் விதியாக எழுதி அச்சிட்டார். அவர் எழுதுவதற்கு முன்னும் அது அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. எழுதியதனால் நாம் கணக்குப் போட முடிந்தது.

ஆகாய விமானத்தில் பிடித்துக்கொள்ளப் பைப்பும் கிடையாது, மணிக்கட்டும் கிடையாது. விசிறி வலமாகத் திருகினால் விமானத்தின் உடல் இடமாக உருளப் பார்க்கும். இதல்லாமல் விசிறி முறுக்கிவிட்ட காற்று சுழன்று சுழன்று பின்னால் போய் வாலில் ஒரு பக்கமாக மோதும். இந்த இரண்டு காரணத்தாலும், தரையில் வேகமாக ஓடும்போதே விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். "ஸ்பிட்பயர்" என்று இரண்டாவது உலக யுத்தத்தில் பெயர் வாங்கிய ஒரு விமானம் உண்டு. முதலில் வந்தவற்றில் "மெர்லின்" எஞ்சின். அது இடப்பக்கம் இழுக்கும், விமானி வலக்காலை அழுத்தி நேராக்குவான். பின்னால் வந்தவற்றில் "கிரிபன்" எஞ்சின், அதன் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும். பழைய பழக்கத்தில் வலக்காலை அழுத்தியவன் கதி என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இந்தத் தொல்லையை ஒழிக்கவே கடைசிக் காலத்தில் அதே வகையைச் சேர்ந்த கப்பற்படை விமானங்களுக்கு ஒரே அச்சில் எதிரெதிராகச் சுற்றும் இரட்டை விசிறி பொருத்தினார்கள்.

இந்த யோசனை பெரிய கல்லூரியில் பிறந்தது என்று நினைக்காதீர்கள். 1903 டிசம்பர் 17-ஆம் தேதி முதன்முதலாக எஞ்சின் வைத்த விமானத்தில் பறந்த ரைட் சகோதரர்கள் இருவரும் சைக்கிள் கடைக்காரர்கள். அவர்களிடம் இருந்தது சுமார் 12 குதிரைச் சக்தியுள்ள ஒரே எஞ்சின். விசிறிகளோ இரண்டு. ஒன்று வலமும் ஒன்று இடமுமாகச் சுற்றினால்தான் திருகல் ஒன்றுக்கொன்று கழிந்துபோகும் என்பது அவர்களுக்குத் தெரியும். என்ன செய்தார்கள்? ஒரு விசிறிக்குச் சங்கிலியை நேராக மாட்டினார்கள். மற்றொன்றின் சங்கிலியை எட்டு என்ற எழுத்துப்போல ஆங்கில 8 வடிவில் ஒரு மடக்கு மடக்கி மாட்டினார்கள். தீர்ந்தது சங்கதி. சங்கிலியை மடக்கிப் போட்டதில் அந்த விசிறிக்கு என்ன தோஷம் வந்துவிட்டது?

அமெரிக்கா எதற்கு? இப்போது நம் வயல்களுக்கு மருந்தடிக்க டிரோன் வருகிறது. அடுத்த முறை வரும்போது பறப்பதற்கு முன் அதன் விசிறிகளைப் பாருங்கள். நாலு விசிறியிருந்தால் மூலைக்கு மூலை எதிரிலிருக்கும் இரண்டு வலமாகவும், மற்ற இரண்டு இடமாகவும் சுற்றும். நாலும் வலமாகவே சுற்றவேண்டும் என்று ஒரு பக்தர் அடம்பிடித்தால், டிரோன் தானே கிறுகிறுவென்று இடமாகச் சுற்றி மருந்தையெல்லாம் அவர் தலையிலேயே தெளித்துவிடும். இன்னொன்றும் கவனியுங்கள். வலம் சுற்றும் விசிறியைக் கழற்றி இடம் சுற்றும் மோட்டாரில் மாட்டினால் அது மேலே தூக்காது; கீழே அழுத்தும். இறக்கையின் சாய்வு அப்படி. ஆகையால் திசை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. திசை மிகமிக முக்கியம், ஆனால் அது இறக்கையின் சாய்வைப் பொறுத்தது. த்ரீ பேஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றித் தண்ணீர் ஏறாதபோது நீங்கள் சாந்தி செய்கிறீர்களா? மூன்று கம்பியில் இரண்டை மாற்றிக் கொடுக்கிறீர்கள். வலத்திற்கும் இடத்திற்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு கம்பிதான்.

சரி, ரைட் சகோதரர்களின் விசிறிகளும் டிரோன் விசிறிகளும் தனித்தனி அச்சில் சுற்றுகின்றன. அரக்கோணத்து விமானத்தில் ஒரே அச்சில் ஒன்றின் பின்னால் ஒன்றாக வைக்க வேண்டிய அவசியம் என்ன? ஒன்று, 15,000 குதிரைச் சக்தியை ஒரே விசிறி வாங்கிக்கொள்ள வேண்டுமானால் அந்த விசிறி மிகப் பெரிதாக இருக்கவேண்டும், தரையில் இடிக்கும். இரண்டு, முன் விசிறி காற்றைப் பின்னால் தள்ளும்போது கொஞ்சம் முறுக்கியும் விடுகிறது. தயிர் கடையும் பானையில் மோர் சுழல்வது போல. அந்தச் சுழலில் செலவான சக்தி வீண். பின்னால் எதிர்ப்பக்கமாகச் சுற்றும் விசிறியோ, சுழன்று வருகிற காற்றைப் பிடித்து நேராக்கி அனுப்புகிறது. வீணாக இருந்த சக்தியில் ஒரு பங்கு மீண்டும் இழுவையாகக் கிடைக்கிறது. இந்த அனுகூலத்தினால்தான் விசிறி வைத்த அந்த விமானத்தால் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போக முடிந்தது. கப்பலுக்கு இப்படி எதிரெதிர்த் திருகுகள் வைக்கும் யோசனைக்கு எரிக்ஸன் என்ற சுவீடன் தேசத்துக்காரர் 1836-இலேயே உரிமைப் பத்திரம் வாங்கிவிட்டார். தண்ணீருக்குள் செல்லும் டார்பீடோ குண்டுக்கும் இதே ஏற்பாடுதான். இல்லாவிட்டால் அது போகிற வழியில் உருண்டுகொண்டே போகும்.

இனி கியர் பாக்ஸுக்கு வருவோம். இதற்கு மேடைக்கு எதிரிலேயே சாட்சி இருக்கிறது. கிரிவலப் பாதையில் கரும்புச்சாறு பிழியும் தோழர் வந்திருக்கிறார். கூட்டம் ஆரம்பிக்கும் முன் அவரைக் கேட்டேன்: "தம்பி, உன் மிஷினில் இரண்டு உருளையும் ஒரே பக்கம் சுற்றினால் என்ன ஆகும்?" "கரும்பு உள்ளே போகாதுண்ணே, நின்ன இடத்துலயே உருளும்" என்றார். ஒரு மோட்டார்தான். ஆனால் ஒரு உருளை இப்படியும் மற்றது அப்படியும் சுற்றுகிறது. எப்படி? பக்கத்து மூடியைக் கழற்றினால் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருப்பது தெரியும். கடித்துக்கொண்டிருக்கும் இரண்டு சக்கரங்கள் எப்போதும் எதிரெதிராகத்தான் சுற்றும். அவ்வளவுதான் இரகசியம்.

விமானத்தில் இது சற்றுச் சூட்சுமமாக இருக்கிறது. நடுவில் எஞ்சினோடு சேர்ந்த ஒரு பல்சக்கரம். அதைச் சுற்றி ஒட்டினாற்போலச் சில சிறிய பல்சக்கரங்கள். இவை எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு வெளியே ஒரு வளையம். அந்த வளையத்துக்கு உட்புறத்தில் பல். நடுச்சக்கரம் வலமாகச் சுற்றினால், சிறிய சக்கரங்கள் ஒவ்வொன்றும் தன்னளவில் இடமாக உருளும். அவை வெளி வளையத்தை இடமாகத் தள்ளும். வளையத்தைத் தள்ளியதன் எதிர்த் தள்ளலாலும் நடுச்சக்கரத்தின் தள்ளலாலும், சிறிய சக்கரங்களைத் தாங்குகிற சட்டம் நடுச்சக்கரத்தைச் சுற்றி வலமாக நகரும். இந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு கிரிவலம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மதிற்சுவர் மட்டும் எதிர்ப்பக்கமாக ஓடுகிறது! வளையத்தை ஒரு விசிறிக்கும், சட்டத்தை மற்றொரு விசிறிக்கும் இணைத்துவிட்டால் வலமும் இடமும் ஒரே பெட்டியிலிருந்து வந்துவிட்டன. ஒரு விசிறியின் தண்டு குழாய் மாதிரி. மற்றதன் தண்டு அந்தக் குழாய்க்குள்ளே ஓடுகிறது. இரண்டு எதிர்த் திருகலும் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளுகின்றன.

இந்தப் பெட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. எஞ்சினின் உள்சக்கரம் நிமிஷத்திற்கு 8,000 சுற்றுக்கு மேல் ஓடினால்தான் அதற்குத் திருப்தி. விசிறிக்கோ அந்த வேகம் ஆகாது. விசிறியின் குறுக்களவு 5.6 மீட்டர். அதன் நுனி ஒரு சுற்றுக்கு 17 மீட்டருக்கு மேல் பிரயாணம் செய்கிறது. எஞ்சின் வேகத்திலேயே அதைச் சுற்றினால் நுனி வினாடிக்கு 2,000 மீட்டருக்கு மேல் பறக்கும். ஒலியின் வேகமே வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான். விசிறி காற்றைத் தள்ளாது, கிழிக்கும், தானும் பிய்ந்துபோகும். ஆகவே கியர் பாக்ஸ் வேகத்தைப் பதினொன்றில் ஒரு பங்குக்குக் குறைத்து, விசிறியை நிமிஷத்திற்கு 750 சுற்றுக்குள் ஓட்டியது. அப்படியும் பறக்கும்போது இறக்கை நுனி ஒலியின் வேகத்தை நெருங்கியதால்தான் அந்த விமானத்தின் இரைச்சல் உலகப் பிரசித்தி பெற்றது.

தோழர்களே, 15,000 குதிரைகளும் அந்தப் பல்சக்கரங்களின் பல் வழியாகத்தான் போகவேண்டும். அதில் என்ன அபாயம் உண்டு என்பதைச் சொல்லுகிறேன். டியு-142-க்கு மூல விமானம் டியு-95. அது முதன்முதலில் 1952 நவம்பரில் பறந்தது. 1953 மே 11-ஆம் தேதி சோதனையாகப் பறந்துகொண்டிருந்தபோது ஓர் எஞ்சினின் கியர் பாக்ஸில் பல்சக்கரம் ஒன்று உடைந்தது. தீப்பிடித்தது. விமானம் விழுந்தது. விமானி பெரெல்யோட் மாண்டார். ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாக மடக்கிக்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் பட்டென்று முறியும் அல்லவா? உலோகத்திற்கு வரும் அந்தக் களைப்புத்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? உடைந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தார்கள். பிறகு வேறு எஞ்சின், வேறு கியர் பாக்ஸ் செய்து, இரண்டாவது விமானத்தை 1955 பிப்ரவரியில்தான் பறக்கவிட்டார்கள். அந்த விமானம் முதலில் அணுகுண்டு சுமப்பதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அறிவைக்கொண்டு செய்த காரியமெல்லாம் நல்ல காரியம் என்று சொல்ல நான் வரவில்லை. உடைந்ததைத் திறந்து பார்க்கும் புத்தியைத்தான் சொல்லவந்தேன்.

ஏனென்றால் திறந்து பார்க்காத புத்தியை நான் என் கண்ணால் கண்டவன். எனக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றது. 1999-இல் ஒரு லாரியில் கிளீனராக இருந்தேன். நானும் இன்னொரு பையனும். முதலாளியின் பெயரும் ஊரும் வேண்டாம். மூன்றாவது கியர் போட்டால் தானே நழுவி வெளியே வந்துவிடும். டிரைவர் மாதக்கணக்கில் சொல்லிப் பார்த்தார். முதலாளி பெட்டியை இறக்கவில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் பூசணிக்காய் உடைத்தார். நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். கியர் கம்பிக்குக் கறுப்புக் கயிறு கட்டினார். பதினைந்தாம் நாள் பாரம் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலையில் ஏறும்போது கியர் நழுவியது. லாரி பின்னால் உருண்டது. பிரேக் பாரத்தைத் தாங்கவில்லை. சக்கரத்துக்குக் கட்டை போடுவது எங்கள் வேலை. அன்று அந்தப் பையன் முறை. அவன் குதித்துக் கட்டையைப் போட்டான், கட்டை சறுக்கியது, அவன் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. முறை மாறியிருந்தால் நான் இந்த மேடையில் நின்றுகொண்டிருக்க மாட்டேன்.

பிறகு பட்டறையில் பெட்டியைத் திறந்தார்கள். நானும் நின்று பார்த்தேன். பல்லெல்லாம் ஓரம் தேய்ந்து வழுக்கை. எண்ணெய் தண்ணீர் மாதிரி; அதில் இரும்புத்தூள் மினுமினுவென்று மிதந்தது. மாதக்கணக்கில் அந்த எண்ணெய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆளில்லை. முதலாளி மட்டும், "அவனுக்குச் சனி, நாம் என்ன செய்வது" என்றார். சனி எந்தப் பல்லில் இருந்தது என்று கேட்க எனக்கு அப்போதும் தைரியம் வரவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்கத் துணிவதற்கே எனக்கு இன்னும் பத்து வருஷமும், இரவல் வாங்கிய புத்தகங்கள் அநேகமும் வேண்டியிருந்தன.

படியாத லாரி முதலாளியை மட்டும் குறை சொல்லுவது நியாயமல்ல. 2019 அக்டோபர் 8-ஆம் தேதி பிரான்சு தேசத்தில் ரபேல் விமானத்தைப் பெற்றுக்கொண்ட நமது பாதுகாப்பு மந்திரி, அதன் மேல் 'ஓம்' எழுதி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாரே! அதைச் செய்த கம்பெனியின் பராமரிப்புப் புத்தகத்தில் எண்ணெய்க்கு இடமிருக்கும், பேரிங்குக்கு இடமிருக்கும். எலுமிச்சம்பழத்திற்கு ஒரு வரியாவது இருக்குமா? மந்திரி வைத்தால் வழக்கம், முதலாளி வைத்தால் பக்தி. நடுவில் கட்டை போடுகிறவன் காலுக்கு யார் பொறுப்பு?

இங்கே ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "நம் முன்னோர்களே விமானம் செய்து, அதற்குச் சாஸ்திரமும் எழுதி வைத்திருக்கிறார்களாமே?" நல்ல கேள்வி. பரத்வாஜர் பெயரால் "வைமானிக சாஸ்திரம்" என்று ஒரு சமஸ்கிருதப் புத்தகம் உலவுகிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐவர் 1974-இல் அதைப் பரிசோதித்து எழுதினார்கள். அது இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுதப்பட்டது, அதில் கண்ட விமானங்கள் பறக்கக் கூடியவையல்ல என்பது அவர்கள் முடிவு. பரிசோதித்தவர்கள் அந்நியர்களல்ல, இந்த நாட்டு விமானப் பேராசிரியர்கள். புஷ்பக விமானத்தின் விசிறி எந்தப் பக்கம் சுற்றியது, அதன் எதிர்த் திருகலை எது தாங்கியது என்று எந்தப் புராணிகரும் எனக்கு இதுவரை சொல்லவில்லை.

இன்னொரு சீட்டு: "இந்த மாதிரி விசிறிகள் இப்போதும் உண்டா?" உண்டு. நம் கப்பற்படையிடமுள்ள காமோவ் ஹெலிகாப்டர்களில் ஒன்றின் மேல் ஒன்றாக எதிரெதிர்ச் சுற்றும் விசிறிகள் இருக்கின்றன. அதனால் அவற்றுக்கு வாலில் சிறு விசிறி தேவையில்லை. ஐரோப்பாவில் 2009-இல் முதலில் பறந்த ஏர்பஸ் ஏ-400-எம் விமானத்தில் ஒவ்வொரு சிறகிலும் உள்ள இரண்டு விசிறிகள் எதிரெதிராகச் சுற்றும். எஞ்சின் நான்கும் ஒன்றே. பாதிப் பெட்டிகளில் ஒரு பல்சக்கரத்தை அதிகமாக நடுவே நுழைத்துத் திசையை மாற்றிக்கொண்டார்கள். 2016-இல் அதன் கியர் பாக்ஸில் வெடிப்பு கண்டதும், அடிக்கடி சோதனை செய்தே தீரவேண்டும் என்று உத்தரவாயிற்று.

கடைசிச் சீட்டு ஒரு மாணவர் எழுதியது. அரக்கோணத்து விமானத்தை நேரில் பார்க்க முடியுமா என்கிறார்.  விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அவற்றில் ஒன்றை 2017 டிசம்பர் முதல் காட்சிசாலையாக நிறுத்தியிருக்கிறார்கள். எட்டு இறக்கைகளையும் எண்ணிப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, கரும்பு மிஷின் தோழர் நாளைக் காலை பத்து மணிக்குத் தம் கடையில் பக்கத்து மூடியைக் கழற்றிக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். கரண்டைப் பிடுங்கிய பிறகுதான் திறப்பார்; கையால் சுற்றித்தான் காட்டுவார். அப்படியும் பல்லுக்குள் யாரும் விரலை வைக்காதீர்கள்.